நாலாம் நம்பர் கவுன்ட்டர்

பிப்ரவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

உன் மண்டு எழுதுகிறேன். இந்தக் குளிரில் உன் மூட்டுவலி எப்படி இருக்கிறது? நாங்கள் இங்கே சாப்பிட்டு, தூங்கி, எழுந்துகொண்டிருக்கிறோம்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். எங்கள் வீட்டில் ஒரு அறையில் பேசினால் அடுத்த அறையில் கேட்கும். என் பெண்டாட்டி, நம் தையல்காரி, மெஷினை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்வாள். இது அவள் காதில் விழக் கூடாத விஷயம். அதனால் தொழிற்சாலையில் என் மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத இங்கே நேரம் நிறைய இருக்கிறது, அதுதான் பிரச்சினையே. கட்டடம் கட்டுகிறவர்கள் எல்லாம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். கட்டடம் எழும்பாவிட்டால் லிப்ட் யாருக்கு வேண்டும்? நாங்கள் செய்து வைத்த லிப்ட் கதவுகள் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் சுவரோரம் சாய்ந்து நிற்கின்றன. வாரத்தில் இரண்டு நாள்தான் வேலை.

போன வாரம் அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். படியேறினால் மூச்சு வாங்குகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாளே, அதற்காக. டாக்டர் என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டார். இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிக்கொண்டே வருகிறதாம், ஆபரேஷன் செய்து மாற்றியே ஆக வேண்டுமாம். "ஆகஸ்டைத் தாண்ட விடாதீங்க" என்றார். அவளிடம் ரத்தம் கொஞ்சம் கம்மி என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

நாள் குறிக்கப் போன இடத்தில், கம்பெனி கொடுத்த இன்சூரன்ஸ் அட்டையை அங்கிருந்த பெண் இரண்டு தடவை தேய்த்துப் பார்த்தாள். "இது செத்துப்போச்சு சார்" என்றாள். கம்பெனியிலிருந்து பணம் கட்டவில்லையாம். முதலாளியைக் கேட்டால், நிலைமை சரியானதும் கட்டுகிறேன் என்கிறார். நிலைமை எப்போது சரியாகும் என்று அவருக்கும் தெரியவில்லை.

நீ காப்பீட்டு ஆபீசில் நாலாம் நம்பர் கவுன்ட்டரில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் வைத்தியத்துக்கு அரசு அட்டை வாங்கிக் கொடுக்கிறவள். உன் தம்பிக்கும் ஒரு வழி சொல்லு. எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

கம்பளியைக் காலுக்குச் சுற்றிக்கொண்டு உட்கார்,
உன் மண்டு


பிப்ரவரி 20

என் மண்டுத் தம்பிக்கு அக்காவின் ஆசிகள்.

மூட்டும் இருக்கிறது, வலியும் இருக்கிறது, இரண்டும் என்னை விட்டுப் போகிறதாக இல்லை. தனிக்கட்டைக்குத் துணை வேண்டாமா?

உன் கடிதம் ஆபீசுக்குப் போய், அங்கே பியூன் எடுத்து வைத்திருந்து, என் கைக்கு வர நாளாகிவிட்டது. இனிமேல் வீட்டு விலாசத்துக்கே எழுது. ஆபீசில் இப்போது கூட்டம் தாங்கவில்லை, யாருடைய கடிதம் யார் மேஜையில் கிடக்கிறது என்றே தெரிவதில்லை.

தையல்காரியைப் பற்றிப் படித்தேன். அதைப் பிறகு பேசலாம். இப்போது நான் சொல்வதை ஒழுங்காகக் கேள், இரண்டு தடவை சொல்ல மாட்டேன். உன் பெயர் ஒரு கம்பெனியின் பதிவில் இருக்கும்வரை உனக்கு அரசு அட்டை கிடையாது. உன்னைப் பார்த்துக்கொள்வது உன் முதலாளியின் பொறுப்பு என்பார்கள். அவர் அதைக் கைகழுவினாலும் அப்படித்தான் சொல்வார்கள். கம்பெனி அட்டை செத்ததா, பிழைத்ததா என்று யாரும் பார்ப்பதில்லை.

வேலை போனவர்கள் எல்லோரும் எங்கள் வாசலுக்குத்தான் வருகிறார்கள். ஊருக்கே சம்பளம் இல்லையென்றால் வரி எங்கிருந்து வரும்? வரி வராத அரசாங்கம் முதலில் ஆளைக் குறைக்கிறது. வரிசை நீளமாகிற நேரம் பார்த்துத்தான் கவுன்ட்டரை மூடுகிறார்கள். இது என்ன கணக்கு என்று என்னைக் கேட்காதே.

உனக்கு ஒரே வழிதான். வேலையை விட்டு விலகிவிடு. நீயாக விலகினாலும் அவர்களாக நீக்கினாலும் எங்களுக்கு இரண்டும் ஒன்று. விலகிவிட்டு எழுதிக் கொடுத்தால் அதற்கு அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து அரசு அட்டை வேலை செய்யும்.

அவளைக் கனமான எதையும் தூக்க விடாதே. 
அக்கா


மார்ச் 11

அன்புள்ள அக்காவுக்கு,

மூட்டு தேவலையா? இங்கே குளிர் விட்டுவிட்டது.

நீ எழுதியது எளிதாகத்தான் இருக்கிறது, செய்யத்தான் முடியவில்லை. புது வருடத்தில் முதலாளி எங்கள் எல்லோரையும் கதவுகள் அடுக்கியிருக்கும் கூடத்துக்குக் கூப்பிட்டு ஒரு ஸ்டூல் மேல் ஏறி நின்றார். "நான் யாரையும் வீட்டுக்கு அனுப்ப மாட்டேன். அனுப்பினா உங்க கூட நானும் வந்துடுவேன்" என்றார். சொல்லும்போதே அழுதுவிட்டார். நாங்கள் கை தட்டினோம். வெல்டர் விசிலே அடித்தான். அன்றிலிருந்து வேலை இல்லாத நாட்களிலும் எல்லோரும் வந்து உட்காருகிறார்கள். யாராவது வராவிட்டால் அவன் கூட்டத்தை விட்டுப் போய்விட்டான் என்று ஆகிவிடும். வெறும் கதவுகளைத் துடைத்துவிட்டு டீ குடித்துவிட்டு வீட்டுக்குப் போகிறோம். இதற்கு நடுவே நான் எழுந்து, என்னை விட்டுவிடுங்கள் என்று எப்படிக் கேட்பேன்?

இன்னொரு குழப்பமும் இருக்கிறது. இது நாள்வரை வேலையைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் ஓடினேன். இப்போது வேலை இருப்பதுதான் தப்பு என்கிறாய். முழுச் சம்பளம் வந்தபோது அட்டை இருந்தது. சம்பளம் பாதியானதும் அட்டை போய்விட்டது. சம்பளம் சுத்தமாக நின்றால் வேறு அட்டை வருமாம். எனக்கு மண்டை காய்கிறது.

அவள் இரண்டாம் மாடி வளைவில் நின்று செருப்பு வாரைச் சரி செய்கிறாள். தினமும் அதே இடத்தில், வாரில் எந்தக் கோளாறும் இல்லாமல். நானும் சாவியைத் தேடுகிற மாதிரி நின்றுகொள்கிறேன். லிப்ட் செய்கிறவன் பெண்டாட்டி மாடிப்படியில் மூச்சிரைக்கிறாள் என்றால் கேட்கிறவன் சிரிப்பான்.

நீ சொன்னது நிச்சயம்தானா? பக்கத்துக் கவுன்ட்டரில் யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எழுதினால் எனக்குத் தைரியமாக இருக்கும்.

உன் பதிலுக்காக வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும்
மண்டு


மார்ச் 17

தம்பிக்கு,

நான் நன்றாகத்தான் இருக்கிறேன். தையல்காரியின் செருப்பு வாரைப் படித்துவிட்டு இரண்டு நாளாக வேறு எதுவும் ஓடவில்லை.

பக்கத்துக் கவுன்ட்டரில் கேட்பதாம். பன்னிரண்டு வருஷமாகப் பக்கத்துக் கவுன்ட்டர்காரர்கள்தான் என்னிடம் வந்து கேட்டார்கள். எனக்குத் தெரியாத சட்டம் அந்தக் கட்டடத்தில் இல்லை. உன் முதலாளி ஸ்டூல் மேல் ஏறி அழுதால் வால்வு விரியுமா? கூச்சத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டுப் போய்க் கேள்.

சந்தேகப்படாமல் செய்.
அக்கா


ஏப்ரல் 9

அன்புள்ள அக்காவுக்கு,

உன் உடம்பு எப்படி என்று கேட்டுவிட்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன். விலகிவிட்டேன்.

போன மாதக் கடைசியில் முதலாளியின் அறைக்குப் போனேன். தையல்காரியின் நெஞ்சைப் பற்றி எல்லாம் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்தார். பிறகு எழுந்து வந்து கட்டிக்கொண்டார். "உன் இடம் அப்படியே இருக்கும்டா. நிலைமை சரியானதும் முதல் ஆளா உன்னைத்தான் கூப்பிடுவேன்" என்றார். கூடத்தில் எனக்காக டீ வரவழைத்தார்கள். பெயின்டர் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். வெல்டர் என் காதருகே வந்து, வேறு எங்கேயோ நல்ல இடம் கிடைத்திருக்கிறது, மறைக்கிறாய் என்று கிசுகிசுத்தான். நான் அசடு வழியச் சிரித்தேன்.

இங்குள்ள காப்பீட்டு ஆபீசில் எழுதிக் கொடுத்துவிட்டேன். மே முதல் தேதி அட்டை வேலை செய்யும் என்று நீ சொன்ன கணக்கை வைத்து டாக்டரிடம் மேயிலேயே நாள் கேட்டிருக்கிறேன். தையல்காரியிடம், கம்பெனி எல்லோருக்கும் விடுமுறை கொடுத்திருக்கிறது என்று சொன்னேன். நீண்ட விடுமுறையாக இருக்கிறதே என்றாள்.

நீ இல்லாவிட்டால் நான் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி நின்றிருப்பேன்.

உன் மண்டு


மே 6

அக்காவுக்கு,

நலமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். போன கடிதத்துக்குப் பதில் இல்லை. தபாலில் தொலைந்ததா?

அட்டை கொடுக்க மாட்டேன் என்கிறார்கள்.

முதல் தேதி போய் நின்றேன். கவுன்ட்டரில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "நீங்களா விட்டீங்களா, அவங்க அனுப்பினாங்களா?" என்று கேட்டார். நானாகவே விட்டேன் என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். "அப்போ ஆறு மாசம் கழிச்சு வாங்க" என்றார். என் அக்கா தலைநகரில் இதே துறையில் இருக்கிறாள், இரண்டும் ஒன்றுதான் என்று சொல்லியிருக்கிறாள் என்றேன். அவர் பேனாவால் சுவரைக் காட்டினார். பிப்ரவரி முதல் தேதியிட்ட உத்தரவு ஒட்டியிருந்தது. அட்டைக்காகவே நிறையப் பேர் பாதிச் சம்பள வேலையை விட்டுவிட்டு வருகிறார்களாம், அரசாங்கத்தால் அத்தனை பேரைத் தாங்க முடியவில்லையாம். அதனால் தானாக விலகியவர்கள் ஆறு மாதம் காத்திருக்க வேண்டுமாம்.

ஆறு மாதம் என்றால் ஆகஸ்ட் எங்கே, அது எங்கே. முதலாளியிடம் ஓடினேன். என்னைத் திரும்பச் சேர்த்துக்கொண்டு, பிறகு நீக்கிவிடுங்கள் என்று கெஞ்சினேன். புதிதாக ஆள் சேர்க்கக் கூடாது என்று வங்கி அவர் கையைக் கட்டிப் போட்டிருக்கிறது. அவரும் பேந்தப் பேந்த முழிக்கிறார்.

உன் கடிதம் பிப்ரவரி கடைசியில் எழுதியது. உத்தரவு அதற்கு முன்னாலேயே வந்துவிட்டது. உனக்கு எப்படித் தெரியாமல் போனது? ஊருக்கு ஒரு சட்டமா? நான்தான் எதையாவது தப்பாகப் படித்துவிட்டேனா? உன் இரண்டு கடிதங்களையும் திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கிறேன், எங்கே தப்பினேன் என்று தெரியவில்லை.

டாக்டர் கொடுத்த நாளை விட்டுக் கொடுத்துவிட்டேன்.

மண்டு


மே 30

அன்புத் தம்பிக்கு,

எப்படி இருக்கிறாய்? தையல்காரி எப்படி இருக்கிறாள்? இங்கே வெயில் அதிகம். எதிர் வீட்டில் சுவருக்கு வெள்ளை அடிக்கிறார்கள், அந்த வாசனையில் தலை வலிக்கிறது. மூட்டு பரவாயில்லை.

தாமதமாக எழுதுகிறேன். வேலை அதிகம். அந்த உத்தரவைப் பற்றி விசாரித்துக்கொண்டிருக்கிறேன். எந்தச் சட்டத்திலும் எங்காவது ஒரு விலக்கு இருக்கும், அதைத் தேடிப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். காலையில் போனால் சாயங்காலம்தான் வீடு திரும்புகிறேன். நீ மனதைத் தளர விடாதே.

அவளுக்குப் படியேற முடியாவிட்டால் கீழ் வீட்டுக்காரர்களிடம் தையல் மெஷினை வைக்க இடம் கேட்டுப் பார். பகலில் இறங்காமல், ஏறாமல் இருக்கலாம்.

வேறு விசேஷம் இல்லை.
அக்கா


ஜூன் 14

அன்புள்ள அக்காவுக்கு,

உன் மூட்டு எப்படி இருக்கிறது? அதிக நேரம் நிற்காதே.

இங்கே ஒரு செய்தி. தொழிற்சாலையை வங்கி பூட்டிவிட்டது. எல்லோரையும் ஒரே நாளில் நீக்கிவிட்டார்கள். முதலாளி சொன்ன மாதிரியே அவரும் கூட வந்துவிட்டார். அத்தனை பேருக்கும் அரசு அட்டை கிடைத்துவிட்டது. பெயின்டர் தன்னுடையதை என்னிடம் காட்டினான். அவனுக்கு ஜலதோஷம்கூடக் கிடையாது. சத்தியத்தை நம்பி உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் உள்ளே போய்விட்டார்கள், நான் மட்டும் வெளியே நிற்கிறேன்.

போன செவ்வாய்க்கிழமை உங்கள் ஊருக்கு வந்திருந்தேன். நீ மேலதிகாரியிடம் என்னை அழைத்துப் போனால் காலில் விழுந்தாவது கேட்கலாம் என்று நினைத்து, உன்னிடம் சொல்லாமலே பஸ் ஏறினேன். நேராக உன் ஆபீசுக்குத்தான் போனேன். வரிசை வாசலைத் தாண்டித் தெருவுக்கு வந்திருந்தது. உள்ளே பாதிக் கவுன்ட்டர்களில் அட்டைப் பெட்டியைக் கிழித்து மறைப்பு வைத்திருந்தார்கள். நாலாம் நம்பரும் மூடியிருந்தது. நாற்காலியைக் கவிழ்த்து மேஜை மேல் வைத்திருந்தார்கள். வரிசையில் இருந்த ஒருவரைக் கேட்டேன். "அந்தக் கண்ணாடி போட்ட அம்மாவா? அவங்களை ஜனவரியிலேயே அனுப்பிட்டாங்களே" என்றார்.

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. அப்போதுதான் வரிசையின் நடுவில் ஒரு பெண்மணியைப் பார்த்தேன். கையில் டோக்கன். தோளில் நீலத் துணிப்பை, அதில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு பாக்கெட். தையல்காரி மிச்சத் துணியில் உனக்குத் தைத்துக் கொடுத்தாளே, அச்சு அசல் அதே மாதிரி. முன்னாலும் பின்னாலும் நிற்பவர்களுக்கு, எந்தத் தாளை எங்கே கொடுக்க வேண்டும் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு டிரைவர் குறுக்கிட்டு, "அம்மா, அதைப் போன மாசமே மாத்திட்டாங்க" என்றார். அந்தப் பெண்மணி "அப்படியா" என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார்.

அவர் முறை வந்தபோது நான் தூணுக்குப் பின்னால் நின்று கேட்டேன். "வேலையை விட்டவங்களுக்கு ஆறு மாசத்துல ஏதாவது விலக்கு உண்டாம்மா? இதய வால்வு கேஸ். எனக்கு ரொம்ப வேண்டியவங்க." கவுன்ட்டரில் இருந்த பெண், நேற்றும் இதையே கேட்டீர்களே என்றாள். அவர் தலையை ஆட்டிவிட்டு, திரும்பவும் வரிசையின் கடைசியில் போய் நின்றுகொண்டார். கால் மாற்றி மாற்றி நின்றார். மூட்டுவலிக்காரர் போல.

கூப்பிட வாயெடுத்தேன், கூப்பிடவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டுப் பஸ் ஏறிவிட்டேன். உன் வீட்டுக்கு வர நேரமில்லை.

அந்தப் பெண்மணியை நீ எங்காவது பார்த்தால் ஒரு வார்த்தை சொல்லு. அவர் மேல் இங்கே யாருக்கும் கோபம் இல்லை. முதல் நாள் இருந்தது. இப்போது இல்லை.

உன் தம்பி


ஜூன் 19

தம்பிக்கு,

அந்தப் பெண்மணியைப் பார்த்தேன். நீ சொன்னதைச் சொன்னேன். அவள் உன் கடிதத்தை முழுவதும் படிக்க இரண்டு நாள் ஆயிற்று.

ஆமாம், ஜனவரியில் என்னை நீக்கிவிட்டார்கள். உன்னிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது நீ வழி கேட்டு எழுதிவிட்டாய். உனக்காவது வழி சொல்கிறவளாக இருந்துவிட்டுப் போகலாமே என்று தோன்றியது. ஆறு வாரத்தில் சட்டம் மாறும் என்று நினைக்கவில்லை. அவ்வளவுதான். இதற்கு மேல் எழுதினால் தாள் நனையும்.

இப்போது கவனமாகக் கேள். அந்த டிரைவர், நீ பார்த்தாயே, அவர் தன் அக்கா மகளை வீட்டில் வைத்துக்கொண்டு தன் அட்டையிலேயே வைத்தியம் பார்க்கிறார். அவர் சொல்லித்தான் எனக்கு உறைத்தது. நான் நீக்கப்பட்டவள். எனக்கு அரசு அட்டை உண்டு. மார்ச்சிலிருந்து அந்த ஆரஞ்சு பாக்கெட்டில்தான் கிடக்கிறது. அந்த அட்டை வீட்டுக்கே பொது. என் வீட்டில் என்னோடு ஒரே அடுப்பில் சாப்பிடுகிற உறவு யாரானாலும் அதில் சேர்க்கலாம். எத்தனையோ பேருக்கு என் கையாலேயே சேர்த்துக் கொடுத்திருக்கிறேன். என் வேலை போனதை உன்னிடமிருந்து மறைப்பதிலேயே குறியாக இருந்ததில், அந்த அட்டையை நினைக்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

இந்தச் சட்டம் இன்னும் மாறவில்லை. மூன்று பேரிடம் தனித்தனியாகக் கேட்டேன். என் வாயை நானே இப்போது நம்புவதில்லை.

அவளை உடனே அனுப்பு. இங்கே தரைத்தளம், படி கிடையாது. உன்னை மண்டு என்று கூப்பிட்டது போதும். அந்தப் பட்டத்தை நானே வைத்துக்கொள்கிறேன்.

அக்கா


ஜூன் 24

அன்புள்ள அக்காவுக்கு,

மூட்டுக்குச் சூடு வைக்கிறாயா? இனி வரிசையில் நிற்காதே.

அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மெஷினிலிருந்து காலை எடுக்காமலே கேட்டாள். "ரத்தம் கம்மின்னு சொன்னப்பவே தெரியும். அதுக்கு எந்த டாக்டரும் புருஷனை மட்டும் தனியா கூப்பிட மாட்டாங்க" என்றாள். பிப்ரவரியிலிருந்து நான் அவளிடமும், நீ என்னிடமும், அவள் நம் இரண்டு பேரிடமும் நடித்திருக்கிறோம். யாருக்கு யார் எதை மறைத்தோம் என்று கணக்குப் போட்டால் எனக்குத் தலை சுற்றுகிறது.

ஞாயிற்றுக்கிழமை வருகிறாள். தையல் மெஷின் இல்லாமல் வர மாட்டேன் என்கிறாள். நான் இங்கேயே இருக்க வேண்டியிருக்கிறது. இரண்டு அடுக்குமாடிக் கட்டடங்களில் நின்றுபோன லிப்டைப் பார்க்கக் கூப்பிடுகிறார்கள், அதில் ஏதோ கொஞ்சம் வருகிறது. ஒரு சந்தேகம். அவள் உன் அடுப்பில் சாப்பிட்டால் நான் எந்த வீட்டுக்காரன்?

பட்டத்தைத் திருப்பிக் கொடு. அது எனக்குப் பழகிவிட்டது.
மண்டு


ஆகஸ்ட் 12

என்னங்க,

நான் நன்றாக இருக்கிறேன். நேற்று அண்ணி வீட்டுக்கு வந்துவிட்டேன். நெஞ்சில் தையல் போட்டவர் அவ்வளவு சுத்தமாகப் போடவில்லை, நானே போட்டிருப்பேன். வீடு சத்தமில்லாமல் இருந்தால் உள்ளே டிக் டிக் என்று கேட்கிறது. புது வால்வின் சத்தமாம், பழகிவிடும் என்கிறார்கள். வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? போனில் கேட்டால் ம் என்பீர்கள், அதனால் எழுதுகிறேன்.

ஜூலையில் வீட்டைச் சோதிக்க ஒருவர் வந்ததைச் சொன்னேனா? நான் நிஜமாகவே இங்கே குடியிருக்கிறேனா என்று பார்க்க வந்தார். குளியலறையில் பல் துலக்கும் பிரஷ் எத்தனை என்று எட்டிப் பார்த்தார். தையல் மெஷினைப் பார்த்ததும் வேறு எதுவும் கேட்கவில்லை. இவ்வளவு கனத்தை யாரும் நாடகத்துக்குத் தூக்கி வர மாட்டார்கள் என்று நினைத்திருப்பார்.

இப்போது எழுதப் போவது உங்களுக்குத் தெரியக் கூடாது என்று அண்ணி நினைக்கிற விஷயம். எனக்கே தெரியாது என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

ஆபரேஷனுக்கு முந்தின வாரம் ஒரு நாள் காலையில், அண்ணி இஸ்திரி போட்ட உடுப்பை உடுத்திக்கொண்டு, நீலப் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். தலையை இரண்டு தடவை வாரினார். கொஞ்ச நேரத்திலேயே திரும்பி வந்துவிட்டார். என்ன அண்ணி என்று கேட்டேன். வெயில் அதிகம் என்றார். பழைய உடுப்புக்கு மாறிக்கொண்டு, அன்றைக்குப் பூராவும் சமையலறை அலமாரியைத் துடைத்தார்.

இன்று காலை அண்ணி கடைக்குப் போயிருந்தபோது அவர் ஆபீஸ் பியூன் வந்தார். உங்கள் முதல் கடிதத்தை எடுத்து வைத்திருந்து கொடுத்தாரே, அவர்தான். என் உடம்பை விசாரித்துவிட்டு, "அவங்க ஏம்மா வேண்டாம்னுட்டாங்க?" என்று கேட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. கூட்டத்தைச் சமாளிக்க முடியாமல் மூன்று பேரை மட்டும் திரும்ப வேலைக்குக் கூப்பிட்டார்களாம், அதில் அண்ணி முதல் ஆளாம். "நாலாம் நம்பரை அவங்களுக்காகவே தொடைச்சு வெச்சிருந்தேன். வந்தாங்க, கவுன்ட்டரைப் பார்த்துக்கிட்டே கொஞ்ச நேரம் நின்னாங்க, வேண்டாம்னு எழுதிக் கொடுத்துட்டுப் போயிட்டாங்க. இப்போ வேற ஒருத்தர் உட்கார்ந்திருக்கார்" என்றார்.

அவர் போன பிறகுதான் எனக்குப் புரிந்தது. வேலையில் சேர்ந்த அன்றே அண்ணியின் அரசு அட்டை நின்றுவிடும். ஆபீஸ் கொடுக்கிற அட்டை வேலை பார்க்கிறவருக்கு மட்டும்தான், என் பெயர் அதில் வராது. பியூன் அதையும் சொல்லியிருந்தார்: ஒரு மாதம் பொறுத்துச் சேருகிறேன் என்று அண்ணி கேட்டுப் பார்த்தாராம், உடனே என்றால் உடனே என்றார்களாம்.

அண்ணி பையோடு உள்ளே வந்தபோது நான் ஒன்றும் கேட்கவில்லை. "ஏன் முகம் இப்படி இருக்கு? வலிக்குதா?" என்றார். ஆமாம் என்று சொல்லி அழுதேன். தலையைத் தடவிக் கொடுத்தார்.

நீங்களும் தெரியாதவராகவே இருங்கள். அது உங்களுக்கு ஒன்றும் கஷ்டமில்லை.

உங்கள் தையல்காரி


ஆகஸ்ட் 20

அன்புள்ள அக்காவுக்கு,

தையல்காரி உன்னைப் பற்றி எழுதியிருந்தாள். என்ன எழுதினாள் என்று சொல்ல மாட்டேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை நானும் அங்கே வந்துவிடுகிறேன். உங்கள் ஊரிலும் லிப்ட் நின்றுபோகாமலா இருக்கும்? என் பிரஷ்ஷையும் சேர்த்து எண்ணிக்கொள்ளட்டும்.

உன்னுடைய கடிதங்களையும், நான் எழுதியவற்றையும் மனதில் ஓட்டிப் பார்த்தேன். என் கடிதங்கள் எல்லாவற்றிலும் முதல் வரியில் உன் உடம்பை விசாரித்திருக்கிறேன். இரண்டாம் வரியிலேயே என் பிரச்சினைக்குத் தாவியிருக்கிறேன். நீ பதில் சொன்னாயா, வெயிலைப் பற்றிச் சொன்னாயா என்று நான் ஒரு தடவைகூடக் கவனித்ததில்லை. அதனால் இந்தத் தடவை முதல் வரியில் கேட்கவில்லை. கடைசியில் கேட்கிறேன். இதற்குக் கீழே வேறு விஷயம் எதுவும் இல்லை.

அக்கா, நீ எப்படி இருக்கிறாய்?

உன் மண்டு